ஏசி பிரஷர் சென்சார் போச்சு என்கிறார்கள். மாற்றுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

#1 வைகைக்கரையான், மதுரை · மே 11, காலை 9:40

எல்லோருக்கும் வணக்கம். 2015 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம், அதை எழுதினால் இழை வேறு பக்கம் போய்விடும்.

காலையில் ஏசி ஜில்லென்று இருக்கிறது. மதியம் ஒரு மணிக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டினால் மூன்றே நிமிடத்தில் சூடான காற்று வருகிறது. வண்டி நகர்ந்து ரிங் ரோடு ஏறிவிட்டால் தானாகவே மறுபடியும் குளிர்ந்துவிடும். போன மாதம் ஒரு கடையில் "கேஸ் கம்மி" என்று ஏற்றினார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. திரும்பப் போனபோது ஸ்கேனர் போட்டு, பி0532 என்று எர்ரர் காட்டுகிறது, பிரஷர் சென்சார் (ஏசி கேஸின் அழுத்தத்தை அளந்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) போச்சு என்றார்கள். சென்சார் 3,800 ரூபாய், அதைக் கழற்றினால் கேஸும் புதிதாக ஏற்ற வேண்டுமாம்.

வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, பயன்படுத்தத் தெரியும். அந்தச் சென்சார் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று நானே பார்த்துக்கொள்ள வழி உண்டா?

#2 அவசரக்குடுக்கை, திருச்சி · மே 11, காலை 9:52

ரொம்ப சிம்பிள் பாஸ். சென்சாரில் வயர் மாட்டியிருக்கும் கப்ளரைக் கழற்றி, உள்ளே இருக்கும் பின்களை ஒரு துண்டு வயரால் ஷார்ட் செய்யுங்கள். கம்ப்ரஸர் ஓடினால் சென்சார் அவுட். என் பழைய வண்டியில் அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

#3 வயர்மேன் 12வி, சேலம் · மே 11, காலை 10:15

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவசரக்குடுக்கை சொல்வது பழைய இரண்டு வயர் சுவிட்சுக்கு. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும், ஆனால் ஜாதி வேறு.

சுவிட்ச் என்றால் உள்ளே காண்டாக்ட் மட்டும்தான். லைனில் (கேஸ் ஓடும் குழாயில்) அழுத்தம் சுமார் 2 பாருக்குக் கீழே போனால் திறந்துகொள்ளும், 31 அல்லது 32 பாரைத் தாண்டினாலும் திறந்துகொள்ளும். நடுவில் மூடியிருக்கும். நான்கு வயர் இருந்தால் சுமார் 15 பாரில் ஃபேனை வேகமாக ஓட்ட இன்னொரு ஜோடி காண்டாக்ட் இருக்கும். அதில் ஜம்பர் (பின்களை இணைக்கும் துண்டு வயர்) போட்டால் ஒன்றும் எரியாது. ஆனால் கேஸ் காலியாக இருக்கும்போது ஜம்பர் போட்டு ஓட்டினால் எண்ணெய் சுற்றாமல் கம்ப்ரஸர் சிக்கிக்கொள்ளும். எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போவதே அந்தக் கேஸ்தான்.

மூன்று வயர் என்றால் அது சென்சார். ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். எது எதுவென்று தெரியாமல் ஷார்ட் செய்தால் கம்ப்யூட்டரின் 5 வோல்ட் நேராக எர்த்தில் உட்காரும். பல வண்டிகளில் அதே 5 வோல்ட்தான் இன்ஜினின் மற்ற சில சென்சார்களுக்கும் போகிறது.

இதற்கு ஒரு கதை உண்டு. போன வருடம் ஒரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. ஸ்டார்ட் ஆகவில்லை, நான்கைந்து எர்ரர், எல்லாம் சம்பந்தமில்லாத சென்சார்கள். ஆக்ஸிலரேட்டர் பெடலில் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 0.7 காட்டியது. ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டே வந்தேன். முன்பக்கம் கண்டன்ஸர் (ஏசி கேஸ் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும் இடம்) ஓரமாக இருந்த ஏசி சென்சார் கப்ளரை உருவியதும் மீட்டரில் 5.01 வந்து நின்றது. சாவியைத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட். ஏசி சென்சார் உள்ளே ஷார்ட் ஆகி இன்ஜினையே படுக்கவைத்திருந்தது. அதனால் சென்சார் கெடவே கெடாது என்று நான் சொல்ல வரவில்லை. கெடும், ஆனால் அப்படிக் கெடும்.

வைகைக்கரையான், உங்களுடையது எத்தனை வயர்?

#4 வைகைக்கரையான் · மே 11, மதியம் 1:05

மூன்று வயர். கண்டன்ஸரிலிருந்து கேபினுக்குப் போகும் மெல்லிய அலுமினியக் குழாயில் திருகியிருக்கிறது.

#5 பழைய ஸ்பேனர், கோவை · மே 11, மாலை 4:30

தம்பி, கார் ஏசி வேலையில் 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உன் வண்டியைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன். காலையில் ஜில், மதியம் சிக்னலில் சூடு, ஓடினால் மறுபடி ஜில். இது சென்சார் கெட்ட வண்டியின் குணம் இல்லை. ஹை சைடில் (கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் பக்கத்தில்) பிரஷர் ஏறிப்போய் கம்ப்யூட்டர் கம்ப்ரஸரை நிறுத்துகிறது, காற்று அடித்ததும் இறங்கி மறுபடி சேர்க்கிறது. அப்படியென்றால் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

ஆனால் நினைப்பு வேறு, அளப்பது வேறு. வயர்மேன் சொல்கிறபடி அளந்துவிட்டு வா. அப்புறம் இரண்டு கேள்வி. ஏசி போட்டதும் முன்பக்க ஃபேன் ஓடுகிறதா? கண்டன்ஸர் முகத்தில் பூச்சியும் மண்ணும் அப்பியிருக்கிறதா?

#6 வயர்மேன் 12வி · மே 11, மாலை 6:10

ஸ்பேனர் அண்ணன் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். அந்த பி0532 எனக்கு இடிக்கிறது. 0532 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிகவும் குறைவு, 0533 என்றால் மிகவும் அதிகம். இரண்டுமே வயரிங்கைப் பற்றிப் பேசுகிற எர்ரர் கோட். சிக்னல் நிஜமாகவே செத்துப்போயிருந்தால் காலையிலும் கம்ப்ரஸர் சேராது. கடைக்காரர் சாவி ஆனில் இருக்கும்போது கப்ளரைக் கழற்றினாரா என்று யோசித்துப் பாருங்கள். கழற்றிய நொடியில் சில வண்டிகள் 0 வோல்ட் பார்க்கும், சில வண்டிகள் 5 வோல்ட் பார்க்கும். எதுவானாலும் கோட் எழுதி வைத்துக்கொள்ளும்.

சோதனை இப்படி. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்தில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளக்கவும். 4.9க்கும் 5.1க்கும் நடுவில் இருக்க வேண்டும். மீட்டரின் தடித்த முனையைப் பின்னுக்குள் குத்தாதீர்கள், அது விரிந்துவிட்டால் நாளைக்கு லூஸ் காண்டாக்ட் என்று புதுப் பிரச்சினை வரும். நான் குண்டூசிதான் வைத்திருக்கிறேன். அடுத்து கப்ளரை மாட்டிவிட்டு, வயர் நுழையும் ரப்பர் பக்கமாகக் குண்டூசியை மெதுவாக நுழைத்து, எர்த் வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே பார்க்கவும். 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் எர்த் நல்ல எர்த். கடைசியாக அதேபோல சிக்னல் வயர். 0.5க்கும் 4.5க்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கப்ளர் திறந்திருக்கும்போதே பின்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். சென்சார் உள்ளே கிழிந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் பின் வழியாகக் கசிந்து கப்ளருக்குள் வரும். எண்ணெய் இருந்தால் விவாதமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

(இது வோல்டேஜ் சிக்னல் தரும் சென்சாருக்கு மட்டும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் ஜி65 என்று ஒன்று வரும், அது சதுர அலையாகச் சிக்னல் அனுப்பும். மீட்டர் சராசரியைக் காட்டி ஏமாற்றும். அதற்கு ஆசிலாஸ்கோப்போ ஸ்கேனரோ வேண்டும்.)

#7 பழைய ஸ்பேனர் · மே 11, இரவு 8:02

சிக்னலை எப்போது அளப்பது என்பதும் முக்கியம். ராத்திரி முழுக்க நிழலில் நின்ற வண்டி, காலையில் இன்ஜினைத் தொடாமல் அளக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள். ஏன் என்று டீச்சர் யாராவது வந்து சொல்வார்கள், எனக்குக் கைதான் வரும், வாய் வராது.

#8 பத்தாம் வகுப்பு பி, தஞ்சாவூர் · மே 11, இரவு 9:25

கூப்பிட்டதால் வந்துவிட்டேன். இயற்பியல்தான் எடுக்கிறேன், கார் ஓட்டத் தெரியாது.

மூடிய பாத்திரத்தில் ஒரு பொருள் பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருந்தால், அதன் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டும்தான். எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டர் அப்படித்தான். முக்கால் இருந்தாலும் கால் இருந்தாலும் உள்ளே அழுத்தம் ஒன்றுதான், கடைசிச் சொட்டுத் திரவம் தீர்ந்த பிறகுதான் இறங்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் என்றால், வெளியே 25 டிகிரியில் கேஜ் (அழுத்தமானி) சுமார் 5.6 பார் காட்ட வேண்டும். 30 டிகிரியில் 6.7, 35இல் 7.9, 40இல் 9.1. பிஎஸ்ஐ கணக்கில் 82, 97, 114, 133. அதாவது இயற்கையே உங்களுக்கு ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறது, செலவில்லாமல். வண்டி முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் அவர் காலையில் அளக்கச் சொல்கிறார்.

#9 பழைய ஸ்பேனர் · மே 11, இரவு 9:40

டீச்சர் சொன்ன அந்தச் சிலிண்டர் விஷயத்தைக் கடைக்காரர்கள் பாதிப் பேர் கேட்க வேண்டும். நின்ற வண்டியில் கேஜைப் போட்டு "90 இருக்கு, கேஸ் ஃபுல்" என்பார்கள். 90 இருந்தால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது என்று அர்த்தம். ஃபுல் என்று அர்த்தம் இல்லை. ஓடவிட்டுப் பார்த்தாலும் தோராயம்தான். எடை போடாமல் கேஸ் அளவு யாருக்கும் தெரியாது.

#10 வைகைக்கரையான் · மே 13, காலை 7:15

அளந்துவிட்டேன். காலை 6:20, கார் ஷெட்டுக்குள், தெர்மாமீட்டர் 27 டிகிரி.

5 வோல்ட் வயர்: 4.98. எர்த்: 12 மில்லிவோல்ட். சிக்னல்: 1.37 வோல்ட். பின்கள் காய்ந்து சுத்தமாக இருக்கின்றன, எண்ணெய் இல்லை.

தெரிந்த ஒருவர் சர்வீஸ் மேனுவல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். இந்த வண்டிக்கு 0 பார் என்றால் 0.5 வோல்ட், 35 பார் என்றால் 4.5 வோல்ட், நடுவில் நேர்கோடு. அப்படியானால் ஒரு பாருக்கு 0.114 வோல்ட். என் கணக்குப்படி 1.37 என்பது 7.6 பார்.

ஃபேன் ஏசி போட்டதும் ஓடுகிறது, பிறகு வேகமும் எடுக்கிறது. கண்டன்ஸரைப் போன வாரம்தான் தண்ணீர் அடித்துக் கழுவினேன். அப்புறம் வயர்மேன் அண்ணா, ஆமாம், கடையில் கப்ளரைக் கழற்றி ஜம்பர் போட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஸ்கேனர் போட்டார்.

#11 வயர்மேன் 12வி · மே 13, காலை 7:50

அதானே. கப்ளரைக் கழற்றி அந்த எர்ரரைக் கடைக்காரரே எழுதவைத்து, கடைக்காரரே படித்திருக்கிறார். அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள், திரும்பி வராது.

வயரிங் மூன்றும் சுத்தம். இனி கேள்வி சென்சார் சொல்லும் எண் உண்மையா என்பது மட்டும்.

#12 அவசரக்குடுக்கை · மே 13, காலை 8:05

அதுதான் பொய் என்று ஆகிவிட்டதே! டீச்சர் கணக்குப்படி 27 டிகிரிக்கு 6 பார் வர வேண்டும். இவருக்கு 7.6 வருகிறது. ஒன்றரை பார் அதிகமாகச் சொல்கிறது. அதனால்தான் மதியம் சீக்கிரமே கட் ஆகிறது. சென்சார் மாற்றுங்கள், 3,800 ரூபாயோடு முடிந்தது. நான் முதலிலேயே சொன்னேன்.

#13 மஸ்கட் மச்சான், ஓமன் · மே 13, காலை 10:30

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். அந்த 0 பார் என்பது கேஜ் அழுத்தமா, முழு அழுத்தமா? சில கம்பெனிகள் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லும். அப்படியென்றால் 7.6இல் ஒன்றைக் கழிக்க வேண்டும், 6.6 ஆகிவிடும். இங்கே 47 டிகிரி வெயிலில் நாங்கள் இந்த ஒரு பார் குழப்பத்திலேயே பாதி நாளைக் கழித்திருக்கிறோம்.

#14 பத்தாம் வகுப்பு பி · மே 13, மாலை 5:10

நல்ல கேள்வி. ஆனால் 6.6 என்று எடுத்துக்கொண்டாலும் அது 29.5 டிகிரிக்கான அழுத்தம். இவர் 27 என்கிறார். இரண்டரை டிகிரி இடிக்கிறது. வீட்டுத் தெர்மாமீட்டர் இரண்டரை டிகிரி பொய் சொல்வதும் நடக்கும். ஆக இந்த ஒரு அளவை வைத்து முடிவுக்கு வர முடியாது. இன்னொரு சாட்சி வேண்டும்.

#15 பழைய ஸ்பேனர் · மே 13, மாலை 6:45

அந்தச் சாட்சிக்குப் பெயர்தான் கேஜ். ஹை சைடில் கேஜை மாட்டி, அதே நேரம் ஸ்கேனரில் கம்ப்யூட்டர் என்ன எண் பார்க்கிறது என்று பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் அரை பார், முக்கால் பாருக்குள் ஒத்துப்போனால் சென்சார் உத்தமன். விலகினால்தான் குற்றவாளி.

வண்டியில் செருகிப் போனில் எர்ரர் படிக்கிற மலிவான புளூடூத் டாங்கிள் உன்னிடம் இருந்தாலும், அதில் இந்த எண் பெரும்பாலும் வராது தம்பி. ஏசி பிரஷர் என்பது எல்லா வண்டிக்கும் பொதுவான பட்டியலில் இல்லை, கம்பெனிக்குரிய ஸ்கேனர் வேண்டும். யாரிடமாவது கேட்டுப் பார்.

நின்ற நிலையில் பார்த்த பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டும் பார். ஏசியை ஃபுல்லில் போட்டு ஐந்து நிமிடம் ஐடிலில் விடு. பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கண்டன்ஸர் முகத்தில் விசிறி ஊற்று. ஃபேனில் கை படாமல். நல்ல சென்சார் என்றால் எண் மளமளவென்று இறங்கும். ஒரே இடத்தில் உறைந்து நிற்கிற சென்சாரும் உண்டு, நின்ற நிலையில் சரியான எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஒரு குவளைத் தண்ணீரில் அது தெரிந்துவிடும்.

#16 நல்லூர் ரோட்டு, யாழ்ப்பாணம் · மே 13, இரவு 9:55

நல்ல இழை. இங்கே வாசிக்கிற எங்கட ஆக்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பக்கம் ஹைபிரிட் வாகனங்கள் அதிகம். அதில் ஏசி கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் மின்னழுத்த மின்சாரத்தில் ஓடுகிறது. சென்சாரைச் சோதிக்கிற முறை இதேதான், ஆனால் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக்கூடாது. கேஸ் நிரப்பும்போது கராஜில் வழக்கமான பிஏஜி எண்ணெய் சேர்ந்துவிட்டால் கம்ப்ரஸருக்குள் மின்காப்பு குறைந்து வாகனமே நின்றுவிடும். அதற்கென்று இருக்கிற பிஓஇ வகை எண்ணெய்தான் போகவேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை இதனால் பட்ட செலவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

#17 வைகைக்கரையான் · மே 17, இரவு 8:20

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நண்பர் ஒருவரின் தம்பிக்கு ஸ்கேனர் இருக்கிறது, கேஜ் வாடகைக்குக் கிடைத்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை, வண்டி தொடாத நிலை, 27 டிகிரி. கேஜில் இரண்டு முள்ளும் 110 பிஎஸ்ஐ. ஸ்கேனரில் 7.6 பார். நான் மூன்று முறை பார்த்தேன். 110 பிஎஸ்ஐயும் 7.6 பாரும் ஒன்றேதான்.

மதியம் 1:30, நிழலில் 38 டிகிரி. ஐடிலில் ஏசி ஃபுல். ஸ்கேனர் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். 19, 22, 25. ஃபேன் கத்துகிறது. 28. கேஜும் கூடவே ஏறுகிறது. 30ஐத் தாண்டியதும் கம்ப்ரஸர் கிளட்ச் டக் என்று விலகியது. எண் 24க்கு இறங்கியதும் மறுபடி டக். இதையே மூன்று தடவை செய்தது. நான்காவது தடவை 28இல் இருக்கும்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய கை கீழே இறங்குவதற்குள் 22.

பி0532ஐ அழித்து நான்கு நாள் ஆகிறது. திரும்பி வரவில்லை.

#18 அவசரக்குடுக்கை · மே 17, இரவு 8:31

சரி, சென்சார் நல்ல சென்சார்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 27 டிகிரியில் நிஜமாகவே 110 இருக்கிறதே, அது எப்படி? கேஸ் அதிகமாக ஏற்றிவிட்டார்களா?

#19 பத்தாம் வகுப்பு பி · மே 17, இரவு 9:00

அதிகமாக ஏற்றினாலும் நின்ற நிலை அழுத்தம் ஏறாது, சிலிண்டர் கதையை மறந்துவிட்டீர்கள். 88 வர வேண்டிய இடத்தில் 110 வருகிறது என்றால் உள்ளே ஆர்134ஏ மட்டும் இல்லை. கூட வேறு ஏதோ இருந்து தன் பங்கு அழுத்தத்தைச் சேர்க்கிறது. இந்த வெப்பநிலையில் திரவமாகாத ஏதோ ஒன்று.

#20 பழைய ஸ்பேனர் · மே 17, இரவு 9:08

காற்று.

தம்பி, கேஸ் ஏற்றினார்கள் என்றாய். அதற்கு முன்னால் யாராவது லைனைத் திறந்தார்களா? நன்றாக யோசித்துச் சொல்.

#21 வைகைக்கரையான் · மே 17, இரவு 9:40

அண்ணா, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏப்ரலில் டாஷ்போர்டைப் பிரித்துக் கூலிங் காயிலைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். வாடை வருகிறது என்று நான்தான் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது போன் செய்து "வேக்கம் போட்டீர்களா" (பம்ப் வைத்து லைனில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்தீர்களா) என்று கேட்டேன். "மெஷின் ரிப்பேர்ல இருந்துச்சு சார், ஒரு பக்கம் கேஸை விட்டு மறுபக்கம் காத்தைத் துரத்திட்டோம்" என்றார். ரொம்ப இயல்பாகச் சொன்னார்.

#22 பழைய ஸ்பேனர் · மே 17, இரவு 10:15

தோட்டத்து ஓஸ் பைப்பில் காற்றைத் துரத்துவது மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். கூலிங் காயிலில் எத்தனை மடிப்பு, எத்தனை மூலை. காற்று எங்கேயாவது தங்கும். தங்கிய காற்று ஓடும்போது கண்டன்ஸருக்குள் போய்ச் சேரும், அங்கிருந்து நகராது, திரவமும் ஆகாது. கேஸ் குளிர வேண்டிய இடத்தைக் காற்று அடைத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் கேஸ் முட்டிமோதிக் குளிர வேண்டும், அதனால் பிரஷர் ஏறுகிறது. வெயில் குறைவாக இருக்கிற காலையில் சமாளித்துவிடும். மதியம் சிக்னலில் சமாளிக்காது. அதன் மேல் "கேஸ் கம்மி" என்று இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். எரிகிற வீட்டில் எண்ணெய்.

அந்தச் சென்சார் மட்டும் இல்லையென்றால் 30 பாரில் கட் ஆகியிருக்காது. ஏதாவது ஓஸ் வெடித்திருக்கும், இல்லை கம்ப்ரஸர் போயிருக்கும். அதைப்போய் மாற்றச் சொன்னார்கள்!

#23 மஸ்கட் மச்சான் · மே 17, இரவு 11:20

காற்று என்று எனக்கும் தோன்றுகிறது, கதையோடு ஒத்துப்போகிறது. ஆனால் கலப்படக் கேஸாலும் இதே எண் வரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்134ஏ டின்னில் ஆர்22 (பழைய வீட்டு ஏசிகளின் கேஸ்) கலந்தாலும் நின்ற நிலை அழுத்தம் ஏறும், ஏனென்றால் ஆர்22இன் அழுத்தம் அதே வெப்பநிலையில் மிக அதிகம். கேஸ் ஐடென்டிஃபையர் கருவி இருக்கும் கடை என்றால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றாலும் வைத்தியம் ஒன்றுதான். உள்ளே இருப்பதை முழுக்க வெளியே எடுக்க வேண்டும்.

வெளியே எடுப்பது என்றால் ரெக்கவரி மெஷினில். வால்வைத் திறந்து ரோட்டில் விடுவது இல்லை. ஒரு கிலோ ஆர்134ஏ நூறு வருடக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். இந்த வகைக் கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தெருமுனையில் "புஸ்" சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

#24 வைகைக்கரையான் · மே 18, காலை 6:50

சரி. ரெக்கவரி மெஷின் இருக்கிற வேறு கடையை இன்று பார்க்கிறேன். அங்கே போய் நான் என்னென்ன கேட்க வேண்டும்?

#25 பழைய ஸ்பேனர் · மே 18, காலை 7:30

எத்தனை கிராம் வெளியே வந்தது என்று கேள். பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள். ட்ரையர் பையை (லைனில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பை) மாற்றச் சொல். லைன் காற்றில் கிடந்திருக்கிறது, ஈரம் குடித்திருக்கும். வேக்கம் அரை மணிக்குக் குறையாமல் ஓட வேண்டும். கேஜ் முள் வேக்கம் பக்கம் 29 அங்குலத்துக்குப் (பாதரச அளவு) பக்கத்தில் போக வேண்டும். 27 டிகிரியில் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாக அவ்வளவு ஆழம் தேவை. மேலோட்டமாக இழுத்தால் காற்று போகும், ஈரம் போகாது. பம்பை நிறுத்திவிட்டு கால் மணி நேரம் முள் நகர்கிறதா என்று பார். நகர்ந்தால் ஓட்டை.

அப்புறம் கேஸ் தராசு வைத்துத்தான் போக வேண்டும். கேஜைப் பார்த்து "போதும் சார்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

சென்சாரைத் தொட விடாதே. அதற்கு அடியில் பல வண்டிகளில் ஒரு வால்வு இருக்கும், கேஸை இறக்காமலே கழற்றலாம். எல்லா வண்டியிலும் இருக்காது. வால்வு இருக்கிறது என்று நம்பித் திருகி முகத்தில் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

#26 வைகைக்கரையான் · மே 21, இரவு 7:45

முடிந்தது. ஸ்டிக்கரில் 440 கிராம். மெஷின் வெளியே எடுத்தது 585 கிராம். புதுக் கடைக்காரர் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவரிடம் ஐடென்டிஃபையர் இருந்தது, கலப்படம் இல்லை, காற்று இருக்கிறது என்று காட்டியது. ட்ரையர் பை மாற்றி, நாற்பது நிமிடம் வேக்கம், முள் அசையவில்லை. 440 கிராம் தராசில் வைத்து ஏற்றினார். எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். வலித்தது, ஆனால் சரி.

இன்று காலை, வண்டி தொடாத நிலை, 28 டிகிரி. சிக்னல் 1.21 வோல்ட். கணக்குப் போட்டால் 6.2 பார். டீச்சர், சரியா?

மதியம் 39 டிகிரி. வேண்டுமென்றே கோரிப்பாளையம் போய் இரண்டு சிக்னல் நின்றேன். பக்கத்து சீட்டில் நண்பரின் தம்பி ஸ்கேனரோடு. 18க்கு மேல் போகவே இல்லை. கிளட்ச் ஒரு தடவைகூட விலகவில்லை.

#27 பத்தாம் வகுப்பு பி · மே 21, இரவு 8:00

28 டிகிரிக்கு 6.25. உங்கள் குண்டூசிக்கு முழு மதிப்பெண்.

#28 அவசரக்குடுக்கை · மே 21, இரவு 8:12

என் வண்டியில் நான் மாற்றிய சென்சார் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. அது நல்லதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வண்டியில் இல்லாமல் அதைச் சோதிக்க வழி உண்டா?

#29 வயர்மேன் 12வி · மே 21, இரவு 8:40

இரண்டு வயர் சுவிட்ச்தானே? சைக்கிள் பம்பில் 2 பாருக்கு மேல் ஏற்ற முடிந்தால் போதும். மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்துக் காற்றை ஏற்றுங்கள். எங்கேயோ ஒரு இடத்தில் பீப் வர வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். மேல் பக்கம் 31 பாரைச் சோதிக்க வீட்டில் வழி இல்லை, முயற்சி செய்யாதீர்கள்.

#30 பழைய ஸ்பேனர் · மே 21, இரவு 9:05

வைகை தம்பி, அந்த 440 கிராம் ஸ்டிக்கரை இப்போதே போனில் படம் எடுத்து வை. நான்கு தடவை இன்ஜின் வாஷ் செய்தால் எழுத்து போய்விடும், அப்புறம் எல்லோரும் கேஜைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

#31 வைகைக்கரையான் · மே 21, இரவு 9:11

எடுத்துவிட்டேன் அண்ணா. கடைசி இரண்டு எழுத்து ஏற்கெனவே பாதி போயிருக்கிறது.